முப்பத்தொன்றாம் இதழில் ஒரு வெள்ளைத் திட்டு

விருதுநகர்
12.6.2005

மதிப்பிற்குரிய சங்கிலிமுத்து அவர்களுக்கு,

தனுஷ்கோடி எழுதுவது. விருதுநகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவன். சிவகாசி அச்சகத்தில் நீங்கள் ஓவியராக இருந்த காலத்தில் 'வெண்கலச் சிறகன்' படக்கதைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன். இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

செய்தி இதுதான். பழைய முதலாளியின் தம்பி மகன் அன்பரசன் இப்போது அச்சகத்தை நடத்துகிறார். சிறகனின் ஐம்பத்தெட்டு இதழ்களில் ஐந்தை மட்டும் சேர்த்து ஒரே கெட்டிப் புத்தகமாகத் தை மாதம் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவர விரும்புகிறார். எந்த ஐந்து என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் அதற்குத் தகுதியானவனா என்ற ஐயத்தைச் சொன்னேன். "வேற யாரு சார் இதை எல்லாம் வச்சிருக்கா?" என்றார். தகுதி அதுதான் போலிருக்கிறது.

பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு திட்டம் வகுத்துக்கொண்டேன். கதைக்கு நான்கு, தமிழாக்கத்துக்கு இரண்டு, ஓவியச் சேர்க்கைக்கு இரண்டு, வசனக் கூட்டில் கையால் எழுதும் எழுத்துக்கு இரண்டு. தமிழாக்கத்தில் எனக்கு நானே ஒன்றுக்கு மேல் போட முடியவில்லை. நீங்கள் இருந்தவரை வந்த இதழ்களில் உங்கள் எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு. ஓவியச் சேர்க்கையில் மட்டும் சில இடங்களில் குறைக்க நேர்ந்தது. வெளிநாட்டுப் பக்கம் நம் தாளின் அளவுக்கு வராதபோது கட்டங்களை வெட்டி ஒட்டி, மீதி இடத்தில் சுவரோ புகையோ வரைந்து நிரப்புவீர்கள் அல்லவா? பதினேழாம் இதழில் பனி கொட்டும் நகரத்தின் நடுவே ஒரு பனைமரம் நிற்கிறது. அரை மதிப்பெண் குறைத்தேன். வில்லிக்கு முழுக்கை ரவிக்கை போட்டதற்குக் குறைக்கவில்லை. அது முதலாளியின் உத்தரவு என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் கேள்வி. முப்பத்தொன்றாம் இதழ், 'நெருப்பு மாளிகை', 1981 தீபாவளி மலர். கடைசிப் பக்கத்தில் சிறகன் எரியும் விடுதியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவனுடைய இடது கை எதையோ ஏந்துவதுபோல் மடங்கியிருக்கிறது. கையில் ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைத் திட்டு மட்டும், ஓரமெல்லாம் பிசிறாக. உங்கள் வேலையில் இப்படி ஒன்றை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் "ஒழுங்கற்ற சுரண்டல், ஒரு மதிப்பெண் குறைவு" என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு, காரணம் கேட்காமல் குறைப்பது முறையா என்று தோன்றியது.

உங்கள் முகவரி அன்பரசன் தந்தது. தொந்தரவு என்றால் பொறுத்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தனுஷ்கோடி


எம். புதுப்பட்டி
28.6.05

வாத்தியாருக்கு,

கடுதாசி கிடைச்சது. ஒரு மார்க்கு என்ன, ரெண்டையும் குறைச்சுக்கோங்க. அந்தத் திட்டைப் பத்தி எங்கிட்டக் கேக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னுதான் தெரியல.

பனைமரம் நல்லாத்தான் இருந்துச்சு.

சங்கிலிமுத்து


விருதுநகர்
6.7.2005

மதிப்பிற்குரிய சங்கிலிமுத்து அவர்களுக்கு,

உங்கள் அஞ்சலட்டையை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்கு வரிதான். உங்கள் கையெழுத்து நடுங்கியிருப்பதை முதலில் கவனித்தேன். கோபத்தாலா, உடம்பு சரியில்லையா என்று தெரியவில்லை.

ஏதோ தவறு செய்திருக்கிறேன் என்று மட்டும் புரிகிறது. என்ன என்று புரியவில்லை. 1981 தீபாவளிக்குப் பிறகு நீங்கள் சொல்லாமல் வேலையை விட்டுப் போனீர்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரையப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒருமுறை சிவகாசி பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்றீர்கள். அருகில் வந்து கேட்டிருக்க வேண்டும். என் பேருந்து வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். உண்மையில் அது என் பேருந்து இல்லை. திருத்தங்கலில் இறங்கித் திரும்பி வந்தேன்.

நாற்பத்து மூன்று இதழ்கள் முடித்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது. கண்புரை எடுத்த கண்ணில் பிற்பகலானால் நீர் வடிகிறது. நாற்பத்து மூன்று முறை உலகம் அழியப் பார்த்தது. நாற்பத்து மூன்று முறையும் இருபத்தெட்டாம் பக்கத்தில் பிழைத்துக்கொண்டது. என் மனைவி அழகுமீனா காப்பியை வைத்துவிட்டு, "இம்புட்டு வயசுக்குப் பொறவு பொம்மப் பொஸ்தகத்துக்கு மார்க்குப் போடுற வாத்தியாரு ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள். மறுக்க முடியவில்லை.

அந்தக் காலத்து மெய்ப்புத் தாள்களை இதழ் வாரியாகக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். நான் திருத்தித் தந்தபின் அச்சகம் அவற்றை எடைக்குப் போட இருந்தது. கேட்டு வாங்கி வந்தேன். முப்பத்தொன்றின் கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம். நீங்கள் சொல்லாமல் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

என்ன செய்தேன் என்று சொல்லிவிடுங்கள்.

தனுஷ்கோடி


எம். புதுப்பட்டி
24.7.05

வாத்தியாருக்கு,

கை நடுக்கம் கோவத்துல இல்ல. நாலு வருசமா இருக்கு. லேபிள் வேலையும் அதோட போச்சு. எம் மக பாண்டிச்செல்வி பட்டாசு யூனிட்டுக்குப் போயி அரிசி வாங்குறா, நான் திங்கிறேன். இந்தக் கடுதாசிய அவகிட்டச் சொல்லி எழுதச் சொல்லலாம். ஆனா இது அவ காதுல விழ வேணாம். அதனால நானே எழுதுறேன், மூணு நாளா.

எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. ரோஜா. அச்சகத்துக்கு மத்தியானம் தூக்குச்சட்டில சோறு கொண்டாருவா. நீங்க சனிக்கெழம சனிக்கெழம புரூப் பாக்க வருவீக. உங்க கண்ணாடி ஒருநா மேசைக்கடியில விழுந்துருச்சு. அவதான் குனிஞ்சு எடுத்து, பாவாடையில தொடச்சுக் குடுத்தா. நீங்க "நன்றி அம்மா"ன்னு சொன்னீக. ஒரு பத்து வயசுப் பிள்ளைய வாத்தியாரு 'அம்மா'ன்னுட்டாருன்னு அவ வீட்ல வந்து ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

எம்பத்தொண்ணு சித்திரையில பள்ளிக்கூட லீவு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எந் தங்கச்சி வீட்டுக்குப் போனா. அவுகளோட சேந்து யூனிட்டுக்கு லேபிள் ஒட்டப் போயிருக்கா. மூணாம் நாளு ரூமு தீப்பிடிச்சுக்கிருச்சு. உள்ள நாலு பிள்ளைக இருந்துச்சு, நாலையும் வெளிய கொண்டாந்துட்டோம்னு வாசல்ல நின்னு சொன்னாக. அஞ்சாவதா ஒண்ணு இருந்தது யாருக்கும் தெரியல. புதுப் பிள்ள, பேரேட்டுல ஏறல.

பொறவு அந்த ஐப்பசி மலரு வந்துச்சு. கடைசிப் பக்கத்துல சிறகன் நாலு பிள்ளைகளத் தூக்கிட்டு வர்றான். நம்ம தாளுக்கு எடப்பக்கம் மூணு விரக்கடை எடம் மிஞ்சுச்சு. வேற பக்கமா இருந்தா புகை போட்டிருப்பேன். நீங்க எழுதிக் குடுத்த வசனத்தப் பாத்தேன். "நான்கு குழந்தைகளும் பத்திரம். இனி உள்ளே யாரும் இல்லை."

புகை போட எங்கையி வரல. அவன் எடக்கைய மடக்கி, அதுல எம் மகள வச்சேன்.

சனிக்கெழம நீங்க புரூப் பாத்தீக. திங்கக்கெழம முதலாளி பிலிமோட வந்தாரு. "ஏலே சங்கிலி, படத்துல அஞ்சு இருக்காம்லே, வாத்தியாரு எழுதியிருக்காரு. அந்த ஓரத்துப் பிள்ளைய எடுத்துரு, மெசினு காத்துக் கெடக்கு"ன்னாரு. பிலிமச் சுரண்டுற பிளேட எங்கையிலதான் குடுத்தாரு.

அதான் உங்க ஒழுங்கில்லாத சுரண்டலு.

நீங்க அவள நேருல பாத்தவுக. மூஞ்சி தெரிஞ்சேதான் அடிச்சீகன்னு இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க கேக்குறதப் பாத்தா தெரியாமத்தான் அடிச்சிருப்பீக போல. எது பெருசுன்னு எனக்கு வெளங்கல.

சங்கிலிமுத்து


விருதுநகர்
13.8.2005

அன்புள்ள சங்கிலிமுத்து அவர்களுக்கு,

உடனே பதில் எழுதவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரோஜாவை எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதாக எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் பொய். கண்ணாடி விழுந்தது நினைவிருக்கிறது. எடுத்துக் கொடுத்த கை நினைவில்லை.

அந்த ஆண்டு கோடையில் நீங்கள் ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. "சங்கிலி வீட்டுல ஒரு துக்கம்" என்று பைண்டிங் பகுதியில் யாரோ சொன்னார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும், வந்தால் என்ன பேசுவது என்று தெரியாது. இப்படித்தான் நினைத்தேன். அன்று கேட்டிருந்தால் ஐப்பசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்கும்.

பரணில் இருந்த கட்டை அவிழ்த்தேன். மெய்ப்புத் தாள் இருக்கிறது. பழுப்பேறி, மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஆனால் இருக்கிறது. அவளும் இருக்கிறாள். நீங்கள் சுரண்டுவதற்கு முன் எடுத்த படி அது.

அவளைச் சுற்றி என் சிவப்பு மை வட்டம். தாளின் வெற்று ஓரத்தில் என் கையெழுத்தில், "படத்தில் ஐவர், மூலத்தில் நால்வர். ஒன்றை நீக்குக." மூலத்தின் பக்க எண்ணையும் குறித்திருக்கிறேன். எவ்வளவு கவனமான ஆள் நான், பாருங்கள். நான் 'நான்கு' என்பதை 'ஐந்து' என்று மாற்றியிருக்கலாம். ஒரு சொல்தான். அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரட்டைச் சடை. ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. கையில் தூக்குச்சட்டி. வெளிநாட்டு விடுதியில் எரியும் நெருப்பிலிருந்து வரும் குழந்தையின் கையில் தூக்குச்சட்டி. அதை நான் அன்று கவனிக்கவே இல்லை. எண்ணினேன், பார்க்கவில்லை. கவனித்திருந்தால் மட்டும் என்ன? அதற்கும் ஒரு வட்டம் போட்டிருப்பேன்.

இந்தத் தாளை உங்களுக்கு அனுப்பலாமா? தபாலில் விட பயமாக இருக்கிறது. நேரில் கொண்டுவரவும் துணிவில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

மதிப்பெண்ணை இதற்குள் பேசுவது அநாகரிகம். ஆனாலும் சொல்லாமல் மறைப்பது இன்னும் மோசம். ஐம்பத்தெட்டும் முடிந்துவிட்டன. முப்பத்தொன்றுக்கு நாலரை வந்திருக்கிறது. குறைத்த ஒன்றைத் திருப்பிப் போட்டால் ஐந்தரை. முதல் ஐந்தில் கடைசி இதழுக்கு எட்டு.

தனுஷ்கோடி


எம். புதுப்பட்டி
29.8.05

வாத்தியாரய்யாவுக்கு,

தாளு இருக்குன்னு படிச்சதும் கடுதாசிய மடிச்சு வச்சுட்டு வெளிய போயிட்டேன். விஸ்வநத்தம் வரைக்கும் நடந்துட்டு வந்துதான் மிச்சத்தப் படிச்சேன்.

எங்ககிட்ட அவ போட்டோ கெடையாது. ஒண்ணு எடுத்திருந்தோம், பெட்டிக்குள்ள மழத் தண்ணி எறங்கி ஒட்டிப் போச்சு. பாண்டிச்செல்வி அவ அக்காவப் பாத்ததே இல்ல. "நான் யாரு மாதிரிப்பா இருப்பேன்?"னு சின்னதுல கேப்பா. வரைஞ்சு காட்டுவமேன்னு பல தடவ உக்காந்திருக்கேன். சுரண்டுன கைக்கு அந்த மொகம் திரும்ப வரல. இப்ப கையே இல்லாமப் போச்சு.

தாள எனக்கு அனுப்ப வேணாம். எங்க வீட்டுக் கூரை ஒழுகும். அது புஸ்தகத்துல வரணும். ஆயிரம் புஸ்தகம் போட்டா ஆயிரம் வீட்ல இருப்பா. எல்லா வீட்லயுமா மழத் தண்ணி எறங்கப் போகுது? இருபத்து நாலு வருசத்துல நான் ஒருத்தர்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. இத உங்ககிட்டக் கேக்குறேன்.

ஆனா மார்க்கக் கூட்டிப் போடாதீக. பரிதாபத்துக்குப் போட்ட மார்க்க எம் பிள்ள வாங்க வேணாம். கதை மோசம்தான். அந்த வில்லன் எதுக்குத் தீ வச்சான்னே கடைசி வரைக்கும் தெரியாது. நாலரைக்கு மேல அது தேறாது.

எப்படிச் செய்வீகன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவுக.

சங்கிலிமுத்து


விருதுநகர்
2.10.2005

அன்புள்ள தம்பி சங்கிலிமுத்துவுக்கு,

'தம்பி' என்று எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுத மனமில்லாமல் விட்டுவிடுகிறேன். அடித்தது போதும்.

ஒரு மாதமாக நீங்கள் வைத்த கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண்ணைக் கூட்டக் கூடாது, இதழும் வர வேண்டும். ஓய்வுபெற்றுப் பதினான்கு ஆண்டாகியும் மதிப்பெண்ணைத் திருத்துவது என்றால் என் கை வராது என்பது உண்மைதான். கடைசியில் மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. வரிசையைத் திருத்தினேன். ஐந்தாம் இடத்தில் முப்பத்தொன்று, எதிரே நாலரை. ஆறாம் இடத்தில் இருபத்தாறாம் இதழ், எதிரே எட்டு. அப்படியே எடுத்துக்கொண்டு நேற்று சிவகாசிக்குப் போனேன். தீபாவளி லோடு ஏற்றும் லாரிகளால் பேருந்து ஊர்ந்துதான் போனது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருமுறை தோன்றியது.

அன்பரசன் பட்டியலைப் பார்த்தார். "சார், அஞ்சாவதும் ஆறாவதும் மாறி விழுந்துருக்கே."

"மாறல தம்பி."

"நாலரை மார்க்கு சார் இது."

"ஆமா. நாலரைதான்."

"அப்ப எட்டரைன்னு திருத்திக்கிடுவோம். யாரு வந்து கேக்கப் போறா?"

"மார்க்கும் சரியா இருக்கு. எடமும் சரியா இருக்கு," என்றேன்.

அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் ராங்க் போட்டீகளா?"

இந்தப் புத்தகத்தில்தான் முதன்முறையாக மொழிபெயர்ப்பாளர் என்று என் பெயர் வர இருந்தது. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் வெளிவேலை பார்க்கக் கூடாது என்று போடவில்லை. உள்ளுக்குள் அதை எவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் என்பதை அந்த நிமிடத்தில்தான் அறிந்தேன். "இது வராதுன்னா என் பேரும் வேணாம்," என்றேன். அவர் மறுபடி கேட்டார், நானும் மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை கொஞ்சம் எளிதாக இருந்தது.

பிறகு மெய்ப்புத் தாளை மேசைமேல் விரித்து, நடந்ததைச் சொன்னேன். நான் செய்ததை முதலில் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். "கையில தூக்குச்சட்டி," என்றார். ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வச்சிருவோம் சார்," என்றார்.

அந்தப் பக்கத்தை மட்டும் இந்தத் தாளிலிருந்தே எடுப்பார்கள். இரண்டு காரியங்களில் உங்கள் சொல் வேண்டும். ஒன்று, அவளைச் சுற்றியுள்ள என் சிவப்பு வட்டம் அச்சில் கறுப்பாக விழும். கணினியில் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம் என்கிறார்கள். அழிக்கும்போது சடையின் ஓரமும் ரிப்பனும் கொஞ்சம் போகலாமாம். இரண்டு, வசனம். 'நான்கு குழந்தைகளும்' என்பது 'ஐந்து குழந்தைகளும்' என்று வர வேண்டும். கணினி எழுத்தில் போட்டால் உங்கள் எழுத்துக்கு நடுவே அது வேறாகத் தெரியும். வேறு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. புத்தகம் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்கு வரலாமா? சரியான பேருந்தில் ஏறுவேன்.

அன்புடன்,
தனுஷ்கோடி


எம். புதுப்பட்டி
17.10.05

வாத்தியாரய்யாவுக்கு,

ராங்க் பேச்ச வாசிச்சுட்டுப் பாண்டிச்செல்வி சிரிச்சா. ஆமா, அவகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். கடுதாசி அம்புட்டையும் அவதான் சத்தமா வாசிச்சா. எங்கண்ணு மங்கலாயிருச்சு. வாசிச்சு முடிச்சுட்டு, "அக்கா என்ன கலரு ரிப்பன்பா?"னு கேட்டா. கறுப்பு வெள்ளைப் படத்துல என்ன கலரச் சொல்ல. பச்சைன்னு சொன்னேன். பச்சைதான்.

வட்டத்த எடுக்க வேணாம். அவ பக்கத்துல எந்தக் கையும் இனிமே ஒண்ணையும் அழிக்க வேணாம். வாசிக்கிற பிள்ளைக அத சிறகன் போட்ட காவல் வளையம்னு நெனச்சுக்கிடட்டும். நமக்குத் தெரியும், அது என்னான்னு.

உங்க பேரு இருக்கட்டும். செஞ்ச தப்புக்கும் சேத்துப் பேரு வேணும்ல. எம் பேரும் போடச் சொல்லுங்க. பனைமரத்துக்கும் அதே ஆளுதான்னு தெரியட்டும்.

எழுத்துக்குத்தான் பத்து நாளாச்சு. சீசன்னால பாண்டிச்செல்வி பொழுது விடியுமுன்ன வேனுல போயிருவா. அவ போன பொறவு வெளிச்சம் வந்ததும் உக்காருவேன். வலது கைய எடக்கையால புடிச்சுக்கிட்டு. மொத நாளு ஐகாரமே வளையல. பழைய லேபிளுக்குப் பின்னாடி எழுதி எழுதி ஒரு கட்டு லேபிளு காலி. நாப்பது வருசமா எழுதுன கையி, ஒரு சொல்லுக்கு இம்புட்டுப் பாடு.

இதோட வச்சிருக்கேன். மூணு எழுத்து. அளவு சரியா இருக்கும், வசனக் கூட்டுக்குள்ள அப்படியே ஒட்டிரலாம். ஐந்து. கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கும். கம்ப்யூட்டர்ல நேராக்குறேன்னு சொல்வாக. வேணாம்னு சொல்லிருங்க.

எழுத்துக்கு எம்புட்டு மார்க்குன்னு வாறப்ப நேருல சொல்லுங்க. புதுப்பட்டி பஸ்ஸு மத்தியானம் ஒண்ணு இருக்கு. எறங்குன எடத்துல பாண்டிச்செல்வி நிப்பா. அக்கா சாடைதான், அவளப் பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியும்.

சங்கிலிமுத்து